மேற்குக் கதவுக்கு ஒரு டேஷ்

கம்பெனிகளின் கடிதப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். சம்பளம், லீவு, கம்ப்யூட்டர் என்று என்னென்னவோ பேசினோம். புறப்படும்போது ஒரு பெண் கேட்டது மட்டும் மனதில் தங்கிவிட்டது. "சார், இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொருகுகிறோம். அதற்கு இரண்டு பக்கமும் கமா போடுவதா, டேஷ் போடுவதா? புத்தகத்தில் இரண்டும் சரி என்று இருக்கிறதே."

புத்தகம் சொல்வது உண்மைதான். இரண்டும் சரி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தப்பாக எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள். இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் உங்களைத் திருத்த ஆள் கிடையாது. நீங்கள் என்ன போட்டாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஓடிவிட்டீர்கள். அதனால் பதிலை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மல்லாங்கிணற்றுக்காரன். வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பம். விருதுநகரில் இன்டர்மீடியட் முடித்ததும், இவன் இனி ஏர் பிடிக்க மாட்டான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் இங்கிலீஷ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பம்பாய், கல்கத்தா வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவது, சர்க்கார் ஆபீஸ்களுக்குப் பதில் போடுவது என் வேலை. எனக்குக் கொடுத்த டைப்ரைட்டரில் டேஷ் என்று தனியாக ஒரு எழுத்து கிடையாது. சின்னக் கோட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்ட வேண்டும். அந்தக் கோடு தேய்ந்து கூர்மையாகிப் போயிருந்ததால் ஓங்கித் தட்டினால் தாளே கிழியும். ஆகவே ஒவ்வொரு டேஷையும் யோசித்துத்தான் போட வேண்டியிருந்தது. அது ஒரு நல்ல பழக்கம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பட்டாசுக்கு வருவதற்கு முன் விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தவர். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கம்பெனியிலிருந்து வெளியே போகிற எந்தக் கடிதத்தையும் காதால் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். நான் அவர் முன்னால் நின்று இங்கிலீஷிலேயே வாசிக்க வேண்டும். அவர் பட்டாசுத் திரியை ஒவ்வொன்றாக எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தபடி கேட்பார். எங்கே என் குரல் நிற்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் தமிழில் அர்த்தம் கேட்பார். மற்றதை விட்டுவிடுவார்.

முதலில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"மண்டியில ஏலம் கேக்கையில ஒருத்தன் எங்கன நிக்கிறான்னு பாத்தாப் போதும் தம்பி" என்றார். "வெலையச் சொல்றதுக்கு முந்தி நிக்கிறவன் ஒரு மாதிரி. சொல்லிட்டு நிக்கிறவன் வேற மாதிரி. நிக்காமலே ஓடுறான் பாருங்க, அவன் மூட்டையத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

சேர்ந்த புதிதில் நான் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். மூன்று வரிக்கு ஒரு டேஷ் போடுவேன். பம்பாய்க்காரருக்கு எழுதிய ஒரு சாதாரணக் கடிதத்தை வாசித்தபோது அண்ணாச்சி திரியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன தம்பி, முள்ளு மேல நடக்குற மாதிரி நின்னு நின்னு போறீக? சரக்கு லாரியில ஏறிருச்சு, அம்புட்டுத்தான? ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போங்க." வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். எல்லா டேஷையும் கமாவாக்கியதும் கடிதம் தெளிந்த நீர் மாதிரி ஓடியது. எதுவும் குறையவில்லை. வாசிப்பவர் நடையை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டு போவது கமாவின் வேலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டேஷ் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தும். நிறுத்துவதற்குக் காரணம் இல்லையென்றால் நிறுத்தக் கூடாது. இப்படியே சில வருஷம் ஒழுங்காகக் கமா போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினேன். தந்தி அடிப்பதென்றால் அந்தக் கவலையும் இல்லை. அதில் கமாவும் கிடையாது, டேஷும் கிடையாது.

இனிச் சொல்லப்போவது ஒரு தீபாவளிக்கு முந்தைய சீசனில் நடந்தது.

எங்கள் கம்பெனியில் புஸ்வாணத்தில் மருந்து அடைக்கும் செட்டுக்கு, அதாவது கொட்டகைக்கு, இரண்டு கதவுகள். மேற்குக் கதவைத் தாண்டினால் மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெட்டவெளி. கிழக்குக் கதவைத் தாண்டினால் கம்பி மத்தாப்பு காயப்போடும் மேடை. வேலைக்குச் சேரும் அன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். நெருப்பு என்றால் மேற்கே ஓடு, கிழக்கே போகாதே. கிழக்கே போனால் மேடையில் கிடக்கிற சரக்கெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

அன்று மத்தியானம் திடீரென்று மேகம் கட்டிவிட்டது. லோடு ஏற்ற வரவேண்டிய லாரி வரவில்லை. கட்டி முடித்த பெட்டிகள் திறந்த வெளியில் கிடந்தன. குடோனில் இடமில்லை. லோடு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அண்ணாச்சியின் தம்பி மகன். மதராஸில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவர். சின்னவர் என்று சொல்வோம். பெட்டிகள் நனைந்தால் ஒரு சீசனே போய்விடும் என்று பதறிப்போய், புஸ்வாணச் செட்டின் மேற்குத் தாழ்வாரத்தில் கதவை ஒட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். லாரி வரும்வரைக்கும்தானே என்று நினைத்திருப்பார். மழையும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் செட்டுக்குள் மருந்து சீறித் தீப்பிடித்துவிட்டது. உள்ளே நான்கு பெண்கள். மூன்று பேர் கிழக்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் அப்படியே வெளியே விழுந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காயமில்லை. பேச்சியம்மாள் மட்டும் மேற்குக் கதவுப் பக்கம் இருந்தாள். சொல்லிக் கொடுத்தபடியே மேற்குக் கதவுக்கு ஓடித் தள்ளியிருக்கிறாள். வெளியே திறக்கிற கதவு. பெட்டிகள் மறித்துக்கொண்டதால் திறக்கவில்லை. திரும்பி, எரிகிற மருந்துக்கு நடுவே ஓடி, கிழக்குக் கதவு வழியாக வெளியே வந்தாள். சேலையில் பிடித்த நெருப்போடு காயப்போடும் மேடைமேல் விழுந்தாள். மேடைச் சரக்கும் பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று பேரும் ஈரச் சாக்கைப் போட்டு அவளை உருட்டி அணைத்தார்கள். நெருப்பு பரவக்கூடாதென்று ஆண்கள் தாழ்வாரத்துப் பெட்டிகளைத் தூக்கித் தூரப் போட்டார்கள். போலீஸ் வந்து பார்த்தபோது மேற்குக் கதவு தாராளமாகத் திறந்துகிடந்தது.

பேச்சியம்மாளுக்கு இரண்டு காலும் முழங்கால்வரை வெந்துபோயிருந்தன. உயிருக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் புருஷனுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் புஞ்சை. அந்த வருஷம் விதைத்தது முளைக்கவில்லை. அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

மதராஸிலிருந்து வெடிமருந்து இன்ஸ்பெக்டர் ஆபீஸ் தந்தி கொடுத்து விளக்கம் கேட்டது. சின்னவரே இங்கிலீஷில் எழுதிக்கொண்டுவந்து டைப் அடிக்கச் சொன்னார். நல்ல இங்கிலீஷ். என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ். அதில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அந்தத் தொழிலாளி, மேற்குக் கதவு அப்போது சரக்குப் பெட்டிகளால் மறிக்கப்பட்டிருந்த நிலையில், உத்தரவுக்கு மாறாகக் கிழக்கே ஓடி, காயப்போடும் மேடைக்கு நெருப்பைக் கொண்டு சென்றார்.'

பெட்டிகள் இருந்ததை ஏன் எழுதினார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

"நாளைக்கு யாராவது சொல்லிட்டா, நாங்க அப்பவே சொல்லிருக்கோமேன்னு காட்டணும்ல" என்றார். "சொன்ன மாதிரியும் இருக்கணும். கண்ணுல படவும் கூடாது."

"ரெண்டு பக்கமும் டேஷ் போட்டா வாசிக்கிறவருக்கு வெளங்குமே" என்றேன்.

"அதுக்குத்தான் கமா போட்டிருக்கேன். நீங்க அடிங்க."

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்துபோயிருந்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். உத்தரவை மீறினாள், மேடையைக் கொளுத்தினாள் என்று ஒரு பெண்ணின் பேரில் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால், கம்பெனி அவளுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கால் ஆறினாலும் இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியும் அவளை உள்ளே விடாது. இந்த ஊரில் அந்த மாதிரிப் பேர் ஆளுக்கு முன்னால் போய் நிற்கும்.

சொன்னபடி டைப் அடித்தேன். கமாவோடுதான் அடித்தேன்.

அன்று பிற்பகல் அண்ணாச்சி முன்னால் போய் நின்றோம். விபத்து நடந்த அன்று அவர் விருதுநகரில் இருந்தார். வந்ததும் அவருக்குச் சொல்லப்பட்டதெல்லாம், பேச்சியம்மாள் பயத்தில் கிழக்கே ஓடிவிட்டாள் என்பதுதான். பெட்டி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தொழிலாளிகள் சின்னவருக்குப் பயந்தார்கள். எனக்கு விஷயம் தெரியும். ஆனால் கடிதத்தில் இல்லாததை முதலாளி முன்னால் பேசும் வழக்கம் குமாஸ்தாவுக்குக் கிடையாது. கடிதத்தில் இருப்பதை வாசிப்பதுதான் வேலை.

"சாராம்சத்த நானே சொல்லிட்டேன் பெரியப்பா. இது சும்மா கையெழுத்துக்குத்தான்" என்றார் சின்னவர்.

"வாசிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. திரிக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாசிக்க ஆரம்பித்தேன். முதல் பத்தி, சம்பவம் நடந்த இடம், நேரம். இரண்டாம் பத்தி, செட்டின் அமைப்பு. அந்த வாக்கியம் வருவதற்கு இன்னும் இரண்டு வரி இருந்தது. கையில் இருக்கிற தாளில் கமா இருக்கிறது. கமாவுக்கு எவ்வளவு மூச்சு என்று எனக்குத் தெரியும். அப்படி வாசித்தால் அண்ணாச்சி காதில் அது விழாது. கையெழுத்து ஆகிவிடும். கடிதமும் மாலைத் தபாலில் போய்விடும். நான் எதையும் மறைக்கவில்லை, எழுதியிருந்ததை எழுதியபடி வாசித்தேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்தார்கள். வேலை போனால் மல்லாங்கிணற்றுக்குத்தான் திரும்ப வேண்டும். இதெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் மனதில் ஓடியது. நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

'அந்தத் தொழிலாளி' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நின்றேன். கமாவுக்கு நிற்கிற மாதிரி நிற்கவில்லை. நன்றாகவே நின்றேன். மேற்குக் கதவு பற்றிய துண்டை நிதானமாக வாசித்துவிட்டு மறுபடியும் நின்றேன்.

அண்ணாச்சியின் விரல் திரியில் நின்றுவிட்டது.

"அங்கன என்ன?" என்றார்.

"நா எழுதுனதத்தான் வாசிக்கிறாரு பெரியப்பா" என்று சின்னவர் முந்திக்கொண்டார்.

"அவரத்தான கேட்டேன். சொல்லுங்க தம்பி. அங்கன என்ன போட்டிருக்கு?"

சொன்னேன். மேற்குக் கதவை வெளியே பெட்டிகள் மறித்திருந்தன என்று போட்டிருக்கிறது என்றேன்.

அண்ணாச்சி திரிக் கட்டை மேஜையில் வைத்தார். தம்பி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். அப்போது குரல் ஏறும். அன்று ஏறவில்லை.

"ஏலே, அங்கன பெட்டி அடுக்குனது யாருலே?"

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். "மழை வார மாதிரி இருந்துச்சு பெரியப்பா."

"அப்ப அவ மொதல்ல எங்கிட்டு ஓடுனா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மேற்கதான் ஓடினா அண்ணாச்சி. கதவு தெறக்கல" என்றேன்.

சின்னவர் நிமிர்ந்து பேசினார். அந்த விஷயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினால் செட்டுக்குப் பூட்டு விழும், இந்தச் சீசன் ஆர்டர் எல்லாம் கையை விட்டுப் போகும், வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறதே, பொய் ஒன்றும் இல்லையே என்றார். அவர் சொன்னதில் பெரும்பாலும் தப்பில்லை. அந்த வாக்கியத்தில் பொய் என்று விரல் வைக்கக்கூடிய இடம் 'உத்தரவுக்கு மாறாக' என்பது ஒன்றுதான். அதைக்கூட இழுத்துப் பிடித்து வாதாடலாம்.

"இங்கிலீஷ் தெரியாத எனக்கே கேக்குதுலே" என்றார் அண்ணாச்சி. "அந்த இன்ஸ்பெக்டருக்குக் கேக்காதா?"

பிறகு என்னிடம் சொன்னார். "இப்ப வாசிக்கையில நின்னீகள்ல, அதே மாதிரி நிக்கிறாப்புல எழுதிக் கொண்டாங்க. அவ மேற்க ஓடுனத மொதல்ல போடுங்க. பெட்டிய அடுக்குனது கம்பெனின்னு போடுங்க. இவன் பேரு வேண்டாம்."

திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினேன். 'அந்தத் தொழிலாளி உத்தரவுப்படி மேற்கே ஓடினார். மேற்குக் கதவு — நிர்வாகம் சரக்குப் பெட்டிகளை அதன் வெளியே அடுக்கியிருந்தது — திறக்கவில்லை. ஆகவே கிழக்கே ஓட நேர்ந்தது.' இரண்டு டேஷ். அடிக்கும்போது முதல் டேஷ் தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் போட்டு அடித்தேன். அண்ணாச்சி இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் நின்ற இடங்களில் தலையை ஆட்டிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டார்.

அவர் என்னைப் பாராட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னவர் வெளியே போனதும், "இனிமே இப்பிடி நடுவுல நிக்கிறதா இருந்தா, மொதல்ல எங்கிட்டத் தனியா வந்து சொல்லிட்டு நில்லுங்க" என்றார். "எம் பிள்ளைய எம் முன்னாலயே தலை குனிய வச்சிட்டீகளே." அது நியாயமான வருத்தம். சின்னவர் அதற்குப் பிறகு வெகு காலம் என்னோடு பேசவில்லை. அதிகாரிகள் செட்டைச் சோதித்த பிறகு அந்தச் சீசன் முடியும்வரை பூட்டித்தான் வைத்தார்கள். பாதி ஆர்டர் வேறு கம்பெனிகளுக்குப் போனது. இதையெல்லாம் சேர்த்தே சொல்கிறேன். சரியான இடத்தில் டேஷ் போட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களிடம் கதை விட எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஒரு விஷயத்தை வாக்கியத்துக்கு நடுவில் சொருகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வாசிக்கிறவர் இந்த இடத்தில் நிற்காமல் போய்விட்டால் யாருக்கு லாபம்? யாருக்கும் எதுவும் இல்லையென்றால் கமா போடுங்கள், அழகாகப் போகும். லாபம் உங்கள் கம்பெனிக்கும் நஷ்டம் வேறொருவருக்கும் என்றால் டேஷ் போடுங்கள். போட விடமாட்டார்கள். அப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. என் முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாமல் போனதால் நான் பிழைத்தேன். உங்கள் முதலாளிகள் எல்லோரும் இங்கிலீஷ் படித்தவர்கள்.

கடிதம் போன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழி முழுக்க அவள் மேல்தான் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று யாரோ பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். முதல் கடிதம் பற்றிய பேச்சு செட்டுக்குச் செட்டு பரவியிருக்க வேண்டும். நான் போய் நின்றதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கால் இரண்டிலும் கட்டு. பக்கத்தில் அவள் புருஷன் விசிறிக்கொண்டிருந்தான்.

"என்னையப் பத்தி என்ன எழுதிருக்கீக?" என்றாள், திரும்பாமலே.

கடிதத்தின் நகலைக் கொண்டுபோயிருந்தேன். "தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு எப்பிடிப் போயிருக்கோ அப்பிடியே வாசிங்க. பொறவு சொல்லுங்க."

இங்கிலீஷில் வாசித்தேன். அந்த வார்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மேற்குக் கதவு வரும் இடத்தில் நின்றேன். பெட்டிகளைச் சொன்னேன். மறுபடி நின்றேன். திறக்கவில்லை என்று முடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "நா மேற்கதான் ஓடுனேன்னு இருக்கா?"

"அதுதான் மொதல்ல இருக்கு."

"நடுவுல நின்னீகளே, அதுதான் கதவா?"

"ஆமா."

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வலியில் வருவது வேறு. இத்தனை நாளில் அவள் வலிக்கு அழவில்லை என்று அவள் புருஷன் சொன்னான். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கால்களைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள். "மெதுவா."